மான்களுக்கு ஏது மக்கள்தொகை?

மானை வேட்டையாடும் விலங்கு இல்லாத தீவில் "மான்களின் மக்கள்தொகை பெருகியது" என்றது ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க்குரல். புலிகளின் மக்கள்தொகை, கொசுக்களின் மக்கள்தொகை என்று கேட்டுக் கேட்டுப் பொறுத்திருந்தேன். இனி முடியாது.

ஆங்கிலப் 'பாப்புலேஷன்' என்பதைத்தான் இப்படி மக்கள்தொகை ஆக்குகிறார்கள். அதற்கு வேர் இலத்தீனின் பாப்புலஸ், அதாவது மக்கள். ஆங்கிலத்திலேயே அப்படித்தானே என்று மடக்குவார்கள். அங்கே வேர் மங்கிவிட்டது, கேட்பவர் மனத்தில் மனிதர் தோன்றுவதில்லை. நமக்கு 'மக்கள்' அன்றாடம் புழங்கும் சொல். தமிழ் இலக்கணம் திணையைப் பிரித்ததே இந்தச் சொல்லை வைத்துத்தான்: "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்கிறது தொல்காப்பியம். அந்தக் கோட்டை அழித்துவிட்டு மானை மக்களாக்குவது மொழிபெயர்ப்பா? அகராதியில் முதலில் கண்ட பொருளை அள்ளிப் போடுகிறார்கள், வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பதில்லை.

சரி, 'எண்ணிக்கை' போதாதா? போதாது. சூழலியலில் பாப்புலேஷன் என்பது ஓரிடத்தில் ஒரே காலத்தில் வாழும் ஓரினத்தின் தொகுதியைக் குறிக்கும். பிறப்பு, இறப்பு, வரவு, வெளியேற்றம், வயதமைப்பு எல்லாம் அதில் அடங்கும். படத்தில் வந்த அதே தீவைப் பாருங்கள். பெரிங் கடலின் செயிண்ட் மாத்யூ தீவில் 1944இல் 29 ரெயின்டீர் மான்களை இறக்கினார்கள். 1963இல் சுமார் 6,000. தரையில் படரும் பாசி போன்ற லைக்கனை மேய்ந்து தீர்த்தன, கடுங்குளிரும் சேர்ந்தது. 1966இல் எஞ்சியவை 42. அவற்றில் பிணை, அதாவது பெண்மான், 41; கலை, அதாவது ஆண்மான், ஒன்றே ஒன்று, அதற்கும் கொம்பு சரியில்லை. குட்டியே கிடையாது. எண்ணிக்கை 42 என்றாலும், இனம் பெருக வழியற்ற தொகுதி அது.

'இனக்கூட்டம்' என்றும் எழுதுகிறார்கள். இனம் சரி, கூட்டம் சரியில்லை. தனித்துத் திரியும் புலிக்கு ஏது கூட்டம்? இலங்கையில் வழங்கும் 'குடித்தொகை' பரவாயில்லை, குடி என்பதில் குடியிருப்பின் சாயலாவது உண்டு.

என் தேர்வு 'இனத்தொகை'. தொகு என்பதிலிருந்து வந்த 'தொகை' கூட்டி வந்த அளவையும் குறிக்கும், சேர்ந்த தொகுதியையும் குறிக்கும்; எட்டுத்தொகையில் இருப்பது இரண்டாம் பொருள். ஆங்கிலச் சொல்லின் இரு முகமும் இந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. பேசும்போது இன்னும் எளிது: மான்தொகை, புலித்தொகை, கொசுத்தொகை. மக்கள்தொகை மனிதருக்கு மட்டும் இருக்கட்டும்.