"கிஃப்ட்னு போட்டுடுங்களேன் அக்கா": வெளிநாட்டு வாடிக்கையாளரும் சுங்க வரியும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் தையல் மெஷின் ராத்திரியிலும் ஓடத் தொடங்கிவிடும். ஆரி வேலை செய்த ரவிக்கை, பட்டுநூல் வளையல், பாவாடை சட்டை, மசாலைத் தூள் என்று போகும் சரக்கில் ஒரு பங்கு இப்போது லண்டன், மெல்பர்ன், டொரன்டோ வரை போகிறது. ஆர்டர் இன்ஸ்டாகிராமில் வரும், பணம் பேங்கில் ஏறும். அதற்குப் பிறகுதான் வாட்சாப்பில் அந்த ஒரு வரி: "அக்கா, கிஃப்ட்னு போட்டு விலையைக் கொஞ்சம் குறைச்சு எழுதிடுங்களேன்."

பலரும் எழுதிக்கொடுத்து விடுகிறார்கள். வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்ற நினைப்புதான், வேறு கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சுங்கப் படிவத்தில் விழுவது கேட்டவரின் கையெழுத்து அல்ல, அனுப்புகிறவரின் கையெழுத்து. பொய் அறிவிப்புக்கு நம் நாட்டிலேயே 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 133ஆவது பிரிவு இருக்கிறது. பார்சல் போய்ச் சேரும் நாட்டின் சட்டம் தனி.

பணம் கைமாறிய பொருள் பரிசு ஆகாது. அப்படியே பரிசாக இருந்தாலும் அதற்கு உச்சவரம்பு உண்டு: பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடா டாலர். அதற்கு மேல் மதிப்புள்ள பரிசுக்கும் வரி உண்டு. ஆக 160 பவுண்டு ரவிக்கைக்குக் கிஃப்ட் என்று மட்டும் எழுதினால் வரியிலிருந்து தப்ப முடியாது. விலையையும் சேர்த்துப் பொய்யாக எழுதினால்தான் அது வேலை செய்யும். அந்த இரண்டாவது பொய்தான் அனுப்புகிறவர் கழுத்துக்கு வருகிறது.

பிடிபடுவதும் பெரிய துப்பறியும் வேலை இல்லை. பெட்டிக்குள் கடையின் பெயர் அட்டை, விலை ஒட்டிய பை, நன்றிச் சீட்டு எல்லாம் இருக்கும். மேலே மட்டும் 'கிஃப்ட், 10 டாலர்'. அதிகாரி பெயரைத் தேடினால் அதே ரவிக்கை விலையோடு இன்ஸ்டாகிராமில் நிற்கும். சந்தேகம் வந்தால் பணம் கட்டிய ஆதாரத்தை வாங்கியவரிடமே கேட்பார்கள். அந்தக் கேள்வி பதிலில் நாள்கள் ஓடி, தீபாவளி முடிந்த பிறகு ரவிக்கை போய்ச் சேரும்.

பார்சல் தொலைந்தால் கதை இன்னும் மோசம். இழப்பீடு அறிவித்த மதிப்பைத் தாண்டாது. 850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வேலைப்பாட்டை 40 வெள்ளி என்று எழுதியவருக்கு மிஞ்சிப் போனால் 40 வெள்ளிதான். மீதியை வாடிக்கையாளருக்குத் தன் கையிலிருந்துதான் திருப்பித் தர வேண்டும்.

நேர்மை என்பது படிவத்தோடு முடிகிற காரியமும் இல்லை. பணம் வாங்குமுன் வாடிக்கையாளரிடம் வரியைச் சொல்லாமல் விடுவதும் ஏமாற்றுதான். லண்டனுக்குப் போகும் ஒரு பருத்தி ரவிக்கைப் பார்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு 160 பவுண்டு, அனுப்பும் செலவு 25. இரண்டும் சேர்ந்த 185க்கு ஆயத்த ஆடைகளுக்கான 12 விழுக்காடு சுங்க வரி, அதாவது 22.20. கூட்டினால் 207.20. இதன் மேல் 20 விழுக்காடு வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி, 41.44. மொத்த வரி 63.64 பவுண்டு. கூரியர் நிறுவனம் முன்பணமாகக் கட்டியதற்குத் தன் சேவைக் கட்டணத்தையும் மேலே வைக்கும். 185 கொடுத்து முடித்துவிட்டதாக நினைத்தவரிடம் வாசலில் இன்னொரு 64 பவுண்டுக்கு மேல் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? கட்ட மறுத்தால் பெட்டி திரும்பும், திரும்பும் செலவு அனுப்பியவர் கணக்கில் ஏறும்.

அப்படியானால் பிரிட்டனில் சுங்க வரி விழாத 135 பவுண்டு வரம்புக்குள் பிரித்து இரண்டு பெட்டியாகப் போடலாமே என்பார்கள். ஒரே ஆர்டரை வரிக்காகப் பிரிப்பதும் ஏய்ப்புதான். மேலும், அந்த 135 வரம்புக்குள் சுங்க வரி இல்லையே தவிர வாட் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் அதை விற்கும்போதே வசூலித்துக் கட்ட வேண்டியவர் விற்பவர். எட்சி போன்ற சந்தைத் தளத்தில் விற்றால் தளமே வசூலித்துவிடும். ஆர்டரோடு வரும் வரிக் குறிப்பு எண்ணைக் கூரியர் தரவில் மறக்காமல் ஏற்றினால் போதும். ஏற்றாவிட்டால் வாடிக்கையாளர் இருமுறை கட்டுவார். இன்ஸ்டாகிராமில் நேரடியாக விற்பவர் அங்கே வாட் பதிவு செய்யாமல் இந்தச் சிறு பார்சல்களை அனுப்பக் கூடாது. பதிவு தேவைப்படாத குறைந்தபட்ச விற்பனை அளவு என்று எதுவும் வெளிநாட்டு விற்பனையாளருக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவுக்கு இவ்வளவு தலைவலி கிடையாது. சாராயம், புகையிலை தவிர 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான சரக்குக்கு எல்லையில் வரி இல்லை. அந்நாட்டு விற்பனை ஆண்டுக்கு 75,000 டாலரை எட்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அங்கிருந்து விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர் பழக்க தோஷத்தில் சொல்கிறார், அவ்வளவுதான். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் நின்றுவிட்டது. விகிதமும் அடிக்கடி மாறுவதால் அனுப்பும் நாளன்று பார்க்காமல் யாருக்கும் தொகை சொல்லாதீர்கள்.

சிங்கப்பூர் பக்கத்தில் இருப்பதாலேயே அதிகம் தவறு நடக்கிறது. சரக்கு, காப்புறுதி, அனுப்பும் செலவு சேர்த்து 400 சிங்கப்பூர் வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு என்பது விமானத்திலும் அஞ்சலிலும் போவதற்கு மட்டும். ஜொகூர் பாலம் வழியாகப் போனால் அந்த விலக்கு இல்லை. "மருமகன் அங்கதான் வேலை செய்றார், வாரக் கடைசியில பையில போட்டுக் கொடுத்திடலாம்" என்பதும் சரிவராது. பயணிக்குத் தரும் வரிச்சலுகை விற்பனைச் சரக்குக்குப் பொருந்தாது. அறிவித்து 9 விழுக்காடு கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி படிவம். சிறு பொட்டலத்துக்கு சிஎன் 22, பெரிய பார்சலுக்கு சிஎன் 23. 'விற்பனைப் பொருள்' கட்டத்தில் டிக் போடுங்கள். விவரத்தில் 'துணி', 'ஆடை' என்று மட்டும் எழுதினால் நிறுத்திவிடுவார்கள். 'பெண்கள் ரவிக்கை, நெய்த பருத்தி, கை வேலைப்பாடு, 2' என்கிற அளவுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பக்கத்தில் எச்எஸ் குறியீடு, அதாவது சரக்கின் வகையைச் சொல்லும் சுங்க எண்: நெய்த பருத்தி ரவிக்கை 6206.30, கவரிங் நகை 7117. தைக்காத பட்டுச் சேலை ஆடை அல்ல, 5007இல் வரும் துணி. வரி விகிதமும் வேறு. சேலையையும் ரவிக்கையையும் ஒரே வரியில் எழுதுவதால்தான் பாதிப் பேருக்குக் கணக்கு உதைக்கிறது. மதிப்பு என்பது வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலை. உங்களுக்கு ஆன துணிச் செலவு அல்ல.

உற்பத்தி நாடு என்ற கட்டம் இன்னொரு கண்ணி. காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி இங்கிருந்து அனுப்பும் சேலைக்கு உற்பத்தி நாடு இந்தியா. சீனாவிலிருந்து வந்த வளையலைப் புதுப் பெட்டியில் போட்டால் அது மலேசிய வளையல் ஆகிவிடாது. அமெரிக்காவில் நாட்டுக்கு நாடு வரி மாறுவதால் இந்த ஒரு சொல்லிலேயே தொகை மாறும்.

உணவுப் பொருளுக்கு வரியைவிடத் தடைதான் முக்கியம். நெய், விதைகள் சேர்ந்ததை அனுப்புமுன் அந்நாட்டின் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு விலைக்குப் போகும் முறுக்குக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். வீட்டில் சுட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்புவதற்குத்தான் அந்த முன்னறிவிப்பிலிருந்து விலக்கு.

வாடிக்கையாளருக்குப் பணம் கேட்குமுன் இப்படி அனுப்பினால் போதும்: "விலையில் உங்கள் நாட்டு வரி சேரவில்லை. ஏறக்குறைய இவ்வளவு வரலாம், கூரியர் கட்டணம் தனி. படிவத்தில் உண்மை விலையைத்தான் எழுதுவோம். சம்மதம் என்றால் பதில் போடுங்க, ஆர்டரை எடுத்துக்கிறோம்." முணுமுணுப்பவருக்கு நம் நிலவரத்தையே சொல்லலாம்: 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளி வரையிலான பொருளுக்கு நாமும் 10 விழுக்காடு கட்டுகிறோம். வரியையும் நீங்களே கட்டி அனுப்புவதானால் கூரியர் பதிவில் டிடிபி என்று தேர்ந்தெடுங்கள். பெறுபவர் கட்டுவதானால் டிஏபி. 'வரி' என்று முன்கூட்டி வாங்கிய பணம் மிஞ்சினால் ரசீதோடு திருப்பிக் கொடுங்கள்.

பில், பணம் வந்த ஆதாரம், படிவ நகல் மூன்றையும் ஒரே ஆர்டர் எண்ணில் 7 ஆண்டு வைத்திருங்கள். வருமான வரி வாரியம் கேட்கும் காலமும் அதுதான். பார்சல் திரும்பி வந்தால், இங்கிருந்து போன அதே சரக்குதான் என்று சுங்கத்தில் காட்டவும் அந்த நகல்தான் உதவும்; அதில் 40 வெள்ளி என்றும் பில்லில் 850 என்றும் இருந்தால் எதைக் காட்டுவீர்கள்?