பரோல் இல்லாத ஆயுளா, விடுதலையே இல்லாத ஆயுளா?

"பதினேழு வயதில் கைதானவருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை." அமெரிக்கச் சிறைகளைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. போன வாரம் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் மட்டும் நாலு இடத்தில் இருந்தது. அகராதியை வைத்துப் பார்த்தால் சரி. படிக்கிறவர் மனதில் போய் நிற்கும் பொருள்தான் தப்பு.

பரோல் என்றால் என்னவென்று வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிற ஊர். தங்கச்சி கல்யாணம், அப்பா காரியம் என்று சிறைவாசி ஒருவர் தெருவுக்கு வருவார். கூடவே போலீஸ் வரும். பந்தியில் ஓரமாக அவர்களுக்கும் இலை போடுவார்கள். கெடு முடிந்ததும் ஆளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். "மூணு நாள் பரோல்ல வந்திருக்கான்" என்பதுதான் இங்கே பேச்சு. 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதைச் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. இரண்டுமே விடுப்புதான், அதாவது லீவு. போனவர் திரும்பி வந்தாக வேண்டும்.

அந்த நினைப்போடு மேலே உள்ள வாக்கியத்தைப் படியுங்கள். ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள், நல்லது கெட்டதுக்குக்கூட வீட்டுக்கு விடமாட்டார்களாம் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்தத் தீர்ப்பு சொல்வது வேறு: இவன் சாகும்வரை உள்ளேயே இருப்பான், எத்தனை வருடம் கழித்தும் இவனை விடலாமா என்று யாரும் கேட்கவே மாட்டார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு மொழியில் பரோல் என்றால் சொல், வாக்கு. பிடிபட்ட போர்வீரன் மானத்தின்மேல் வாக்குக் கொடுத்தால் அவனை வெளியே விட்டுவைத்த வழக்கத்திலிருந்து ஆங்கிலச் சட்டத்துக்கு வந்தது. அப்புறம் நாட்டுக்கு நாடு பொருள் பிரிந்துவிட்டது. அமெரிக்காவில், ஒரு வாரியம் ஆளை விசாரித்து, திருந்தியிருக்கிறார் என்று கண்டால், தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே அனுப்புவது பரோல். நிபந்தனையை மீறாதவரை திரும்பிப் போக வேண்டியதில்லை. நம்மிடம் இதற்கு நெருங்கிய ஏற்பாடு முன்விடுதலை. அண்ணா பிறந்தநாளை ஒட்டிச் சிறைவாசிகளை விடுவிக்கிறார்களே, அது. (ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். ஆளுநரின் மன்னிப்பு அதிகாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், கொலை போன்ற குற்றங்களில் 14 ஆண்டு கழிந்தால்தான் அரசு முன்விடுதலை கொடுக்க முடியும்.)

தமிழில் எழுத வேண்டும் என்ற அக்கறையோடு சிலர் "சிறைவிடுப்பு இல்லா ஆயுள் தண்டனை" என்று எழுதுகிறார்கள். சிறைவிடுப்பு அழகான சொல். கல்யாணத்துக்கு வருகிறவரைச் சிறைவிடுப்பில் வந்தவர் என்று தாராளமாக எழுதலாம், நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் இந்த இடத்தில் அது பரோலைவிட மோசம். பரோல் என்று வைத்தாலாவது வெளிநாட்டுச் சங்கதி, வேறு ஏதோ பொருள் இருக்கலாம் என்று படிக்கிறவர் சந்தேகப்படுவார். சிறைவிடுப்பு என்று போட்டதும் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. தவறான பொருள் தூய தமிழில் உறுதியாகிவிடுகிறது. சொல் தமிழாக இருந்தால் போதும், பொருள் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

ஹென்றி மாண்ட்கோமரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் லூசியானாவில் ஒரு காவலரைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு 17 வயது. அவருக்கு விதிக்கப்பட்ட, விடுதலையே இல்லாத இந்த ஆயுள் தண்டனையைச் சிறுவர்களுக்குக் கட்டாயமாக விதிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னது. பழைய வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2016இல் சொன்னது இவருடைய வழக்கில்தான். அதற்குப் பிறகும் வாரியம் இரண்டு முறை மறுத்து, 2021 நவம்பரில், 75 வயதில் வெளியே வந்தார். "அவருக்குப் பரோல் கிடைத்தது" என்று தமிழில் எழுதினால், கிழவர் நாலு நாள் வீட்டுக்குப் போய்வந்தார் என்றல்லவா ஆகிறது? அவருக்குக் கிடைத்தது விடுதலை.

இதில் எனக்கு ஆற்றாமையே நம் சட்டத்தை நினைத்துத்தான். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சிறாருக்கு மரண தண்டனையோ விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்கக் கூடாது என்கிறது. பரோல் என்ற சொல்லே அங்கே கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனை: அவ்வளவுதான், நாம் தேடும் தமிழ் இதுதான். கொஞ்சம் நீளம், இருக்கட்டும். இப்படி எழுதியிருந்தால், அங்கே சிறுவர்களுக்கு விதித்துவந்ததை நம் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது என்று படிப்பவருக்கு உடனே தெரிந்திருக்கும். அமெரிக்கப் பரோலைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் நிபந்தனை முன்விடுதலை என்று எழுதலாம்.

வேலூரிலேயே இந்த வேறுபாட்டுக்கு வேலை இருக்கிறது. காகிதப்பட்டறையில் அரசு பாதுகாப்பு இல்லம் இருக்கிறது. பதினாறு தாண்டியபின் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களை, 21 வயதுவரை இப்படிப்பட்ட இல்லத்தில்தான் வைக்க வேண்டும். 21 ஆனதும் நீதிமன்றம் பார்க்கிறது: திருந்தியிருந்தால் நிபந்தனையோடு வெளியே, இல்லையென்றால் மிச்சக் காலத்துக்கு ஜெயில். இதையும் ஒருவர் "பரோல் விசாரணை" என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளையின் அம்மா அதைப் படித்தால், பையன் பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவான் என்று நினைத்துக்கொள்வார்.

வெளியே வந்த பிறகு நடப்பதற்கு "மறுநுழைவு" என்று ஒரு சொல்லை இப்போது புழங்கவிட்டிருக்கிறார்கள். சிறையிலிருந்து வந்தவரின் மறுநுழைவு என்றால் அவர் மறுபடி ஜெயிலுக்குப் போனார் என்றுதான் தமிழ்க் காது கேட்கும். அரசு ஆவணங்களில் பிற்காப்பு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. 18 வயது முடிந்து இல்லத்தைவிட்டுப் போகிறவருக்குப் பண உதவி செய்யலாம் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொல்வது அதைத்தான். அந்த வழக்கால் வேலைக்கோ வேறெதற்கோ தகுதி போய்விடக் கூடாது என்று 24ஆம் பிரிவும் சேர்த்தே சொல்கிறது. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் இந்த 24ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகிற பையனுக்கும், அவனுக்காகப் பேசப் போகிற நன்னடத்தை அலுவலருக்கும் தேவையானது இந்தப் பிரிவுகளின் விவரம்தான். மொழிபெயர்ப்பவர்கள் மறுநுழைவை விட்டுவிட்டு அதை எழுதட்டும்.