காடு பிடிச்சா பிடிக்கட்டும்

“விளை பூரா காடு பிடிச்சுக் கிடக்கு சார், ஆள் விட்டு வெட்டணும்.” கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் மலையோர விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். நாற்றுப்பண்ணையும் காடு மீட்பும் என் தொழில். “கொஞ்சம் பொறுங்கண்ணே, பிடிக்கட்டும்” என்பேன். சும்மா இருக்கச் சொல்ல ஒரு ஆளா என்று பார்ப்பார்கள்.

ரப்பர் பால்வெட்டு நின்று ஆறு வருடம் ஆன ஒரு விளையைச் சொல்கிறேன். முதலில் முளைத்தது வட்டக்கண்ணி. தச்சனுக்கு ஆகாத மரம், ஆனால் அகன்ற இலையால் தரைக்கு நிழல் போட்டுவிடும். பழம் தின்ன சின்னான், குக்குறுவான் போன்ற பறவைகள் வரும். வருகிறவை வேறெங்கோ தின்ற விதைகளை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். பக்கத்தில் விதை தரும் தாய்க்காடு இருந்து, இரண்டு பருவமழையும் பெய்கிற மண்ணில் நாம் குழி தோண்ட வேண்டிய தேவை குறைவு.

சும்மா இருப்பதிலும் வேலை உண்டு. ரப்பர்க்காய் வெடித்துத் தெறித்த விதைகள் அடியில் பாய் விரித்தது போல முளைக்கும், பிடுங்க வேண்டும். மண் காக்க மூடுபயிராகப் போட்ட மியூக்குனா கொடி, ஆள் நடமாட்டம் நின்றதும் மரமேறி இளங்கன்றுகளை அமுக்கிவிடும். கன்றுகளைச் சுற்றி அதை அறுத்தே ஆகவேண்டும். அப்புறம் தீ. ரப்பர் பனிக்காலத்தில் இலை உதிர்க்கும், சருகு காய்ந்து கிடக்கும்போது வெயில் ஏறும். ஒரு பீடித்துண்டு போதும், ஆறு வருட வளர்ச்சியும் ஒரே மத்தியானத்தில் போய்விடும். தீ தாண்டாமல் இருக்க விடும் தீத்தடுப்புக் கோட்டில் மட்டும் சருகை வாரினால் போதும். விளை முழுக்கப் பெருக்கித் தள்ள வேண்டாம்.

நடவே கூடாதா? நடலாம். வெள்ளைக்குங்கிலியம், நாங்கு போன்ற மரங்களின் பெரிய விதைகள் தொலைவு போவதில்லை. உலர்ந்தால் முளைப்புத்திறனும் போய்விடும். அவற்றை உடனே பொறுக்கிப் பண்ணையில் முளைக்கவைத்து நட வேண்டும். ஆனால் இடம் பார்க்கணும். சிங்கவால் குரங்கு தின்னும் வெடிபலா மரம் கோதையாற்று மேல்மலைக்கானது. அடிவார விளையில் நட்டுப் பயனில்லை. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று படமெடுக்க நூறு கன்றோடு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர்; மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதன் ஓரத்தில் விளை மூடினால் மிளா மானும் முள்ளம்பன்றியும் வரும், காட்டுப்பன்றி முந்திக்கொண்டு வரும். பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு போட்டவருக்கு நட்டம்தான். அவருக்கு வேலிக்கும் இழப்பீட்டுக்கும் வழி செய்யாமல் காடு திரும்பட்டும் என்று நான் பேசுவது நியாயமில்லை.

போன மாதம் அந்த விளைக்காரர் பாறைமேல் கிடந்த மரநாய் எச்சத்தைக் காட்டினார். நிறையக் கூந்தல்பனை விதை. “இதுவும் நாற்றுப்பண்ணைதான் போல” என்று சிரித்தார். ரோட்டோரப் பாதியை வெட்டி அன்னாசி போட்டாயிற்று. மலையை ஒட்டிய பாதியில் இன்னும் கத்தி படவில்லை.