ஒட்டுப்போட்ட ஒளிக்கருவியின் பூர்வீகம்

நீளமான பித்தளைக் குழாய் ஒன்று. அதன் ஒரு முனையில் கறுப்பு வண்ணம் பூசிய அலுமினிய வளையத்துக்குள் பெரிய லென்ஸ் இருக்கிறது. மறுமுனையில் வேறெதிலிருந்தோ கழற்றிப் பொருத்திய கண்ணருகு லென்ஸ். நடுவே எதற்கென்றே விளங்காத ஒரு திருகு. பழம்பொருள் சேகரிப்பவர்களின் கைக்கு இத்தகைய கருவிகள் வந்து சேர்வதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும், படைகளும் தொழிற்சாலைகளும் கழித்த லென்ஸ்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் 1942-இல் தொடங்கப்பட்ட எட்மண்ட் சால்வேஜ் நிறுவனம் அத்தகைய சரக்கை விற்றே வளர்ந்தது. அவற்றை வாங்கியவர்கள் தம் தேவைக்கேற்ப வெட்டியும் அராவியும் இணைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய கருவியைக் கண்டதும் பலர் பித்தளையைப் பளபளவென்று துலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது சாட்சியை அழிப்பதற்குச் சமம். முன்பு அங்கே இருந்த வளையத்தின் நிழல், மெருகெண்ணெயின் நிற வேறுபாடு, பயன்படாமல் நிற்கும் திருகுத் துளை ஆகிய எல்லாமே துலக்கலில் மறைந்துவிடும்.

முதலில் ஒளியிடம் கேட்பதே நல்லது. குழாயின் பெரிய லென்ஸைப் பகல் வானத்தின் பக்கம் திருப்பி (சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது), கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால், தொலைநோக்கியாக இருக்கும்பட்சத்தில் தாளில் சிறிய ஒளிவட்டம் விழும். அது பெரிய லென்ஸின் பிம்பமே. பெரிய லென்ஸ் 50 மி.மீ., வட்டம் 5 மி.மீ. என்றால் உருப்பெருக்கம் பத்து மடங்கு. தாளை எங்கு நகர்த்தினாலும் கூர்மையான வட்டம் விழாமல், குழாய்க்கு உள்ளேயே அது மிதப்பதுபோலத் தெரிந்தால், கண்ணருகே இருப்பது குழிலென்ஸ். அது கலிலியோ வகைத் தொலைநோக்கி. தொலைவில் எதுவும் தெளியாமல், சில சென்டிமீட்டர் தூரத்துப் பொருள் மட்டும் தெளிந்தால் நுண்ணோக்கியின் குடும்பம் என்று கொள்ளலாம்.

லென்ஸைக் கழற்றாமலே அதன் உள்ளமைப்பையும் அறிய முடியும். இருட்டறையில் ஒரு சிறு விளக்கின் ஒளியை லென்ஸின் மீது சாய்வாக விழச் செய்து, அதில் தெரியும் எதிரொளிப்புகளை எண்ண வேண்டும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும், பூச்சு இல்லாதபோது, விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கிரவுன், ஃபிளின்ட் என்ற இருவகை லென்ஸ் கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டிய இரட்டை லென்ஸிலோ, ஒட்டுப் பரப்பின் இருபுறமும் ஒளிவிலகல் எண்கள் நெருங்கியிருப்பதால், அங்கிருந்து வரும் எதிரொளிப்பு மிக மங்கலாக இருக்கும். எனவே இரண்டு பளிச்சென்ற புள்ளிகளும் ஒரு மங்கல் புள்ளியும் தெரிந்தால் அது ஒட்டிய இரட்டை. நான்கும் பளிச்சென்று தெரிந்தால் இடையே காற்றுவெளி உண்டு.

அந்தப் புள்ளிகளின் நிறமும் பேசும். ஊதாவோ நீலமோ கலந்த சாயல், எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் காட்டுகிறது. அம்முறையை ஜெர்மனியின் சைஸ் ஒளிக்கருவி நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் உருவாக்கினார். ஆகவே பூச்சுள்ள லென்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழாயில் அமர்ந்திருந்தால், இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. ஆனால் இச்சாட்சியை முழுதாக நம்பிவிடவும் கூடாது. பழைய ஃபிளின்ட் கண்ணாடி காலப்போக்கில் தானாகவே மங்கி, அதேபோன்ற நீலப் படலத்தைப் பெறுவதுண்டு. அப்படி மங்கிய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியைக் கடத்துவதை இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார்.

பாகங்களின் ஊர் எது என்பதற்கு மரைகளே, அதாவது திருகிப் பொருத்துவதற்கான புரிகளே, சிறந்த சாட்சி. நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸுக்கான மரையை லண்டன் நுண்ணோக்கிக் கழகம் 1858-இல் தரப்படுத்தியது: விட்டம் 0.8 அங்குலம், அதாவது 20.32 மி.மீ.; அங்குலத்துக்கு 36 புரிகள்; புரியின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்குக் கோணம் 60 பாகை என்பதால், மரை அளவியைப் பதித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கண்ணருகு லென்ஸின் குழலை வெர்னியர் அளவியால் அளந்தால், 23.2 மி.மீ. பெரும்பாலும் நுண்ணோக்கியையும், 24.5 அல்லது 31.75 மி.மீ. தொலைநோக்கியையும் சுட்டும். பொறித்த எழுத்துகள் இவற்றை உறுதிப்படுத்தக்கூடும்: பி.எல்.சி. (blc) என்ற மூன்றெழுத்து போர்க்கால ஜெர்மனியில் யேனா நகரின் சைஸ் ஆலையைக் குறித்தது, பி.இ.எச். (beh) லைட்ஸ் என்ற ஒளிக்கருவி நிறுவனத்தை. ஆனால் எழுத்து எந்தப் பாகத்தில் இருக்கிறதோ, அந்தப் பாகத்துக்கு மட்டுமே அது பிறப்புச் சான்று. விற்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே குறுக்குக் கம்பியோ அளவுகோலோ தெரிந்தால் அது அளக்கும் கருவியின் பகுதி. கோணம் அளக்கும் வட்டம் 360 பாகைகளுக்குப் பதிலாக 6400 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தால் அது பீரங்கிப் படையினரின் கோண அளவு. குழாயைச் சுழற்றியபடி அதன் வழியே கைபேசியின் திரையைப் பார்க்கையில் திரை இருண்டு இருண்டு தெளிந்தால், உள்ளே நிகோல் பட்டகம் போன்ற ஒளிமுனைவாக்கி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் பாகம், ஒன்று இருக்கிறது. சர்க்கரைக் கரைசலின் செறிவை அளந்த கருவியின் மிச்சமாக அது இருக்கலாம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, எந்தப் பிம்பமும் தராத குழாய்தான். அதன் ஒரு முனையில் லென்ஸும், லென்ஸின் குவியத் தூரத்தில் மெல்லிய பிளவும் இருந்தால், அது பார்ப்பதற்கான குழாயே அன்று; பிளவில் நுழையும் ஒளியை இணைக்கதிர்களாக்கி அனுப்பும் இணையாக்கி. பக்கத்தில் மூன்று திருகுகளில் நிற்கும் சிறு வட்ட மேடையும் இருந்தால், காணாமற்போன பாகம் முப்பட்டகம் என்று துணிந்து சொல்லலாம்: கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நின்றவர்கள் அறிந்த நிறமாலைமானி அது. மேடையில் ஏதேனுமொரு கண்ணாடி முப்பட்டகத்தை வைத்து, பிளவின் முன்னே உப்பு தூவிய சுடரைக் காட்டி, தொலைநோக்கிக் குழாயை மெல்ல நகர்த்தினால், சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் கோடு பார்வைக்குள் வந்து நிற்கும்.