குரங்குக்குத் துணை சேர்ப்பது எப்படி?

1925-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் ‘குரங்கு மலை’ என்ற பெயரில் ஒரு செயற்கைப் பாறைக் குன்றைக் கட்டி, அதில் சுமார் 100 ஹமாத்ரயாஸ் பபூன் என்ற வகைக் குரங்குகளை விட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம்தான்: திறந்தவெளி, வெயில், கூடவே ஏகப்பட்ட துணை. ஆண்களை மட்டும் வைத்திருப்பதுதான் திட்டம். ஆனால் சில பெண்களும் கலந்து வந்துவிட்டன. அவற்றுக்காக அடிதடி தொடங்கியது. வரிசையாகச் சாவு விழுந்தது. பெண்கள் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை என்று நினைத்து 1927-ல் மேலும் 30 பெண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சில ஆண்டுகளுக்குள் பெண்களில் பெரும்பாலானவை ஆண்களின் இழுபறியில் சிக்கியே செத்துப்போயின.

குரங்கு என்றாலே மூர்க்கம்தான் என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு தவறு என்று புரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1960-களில் எத்தியோப்பியாவின் வறண்ட மலைகளில் இதே பபூன்களைக் கவனித்தார் சுவிஸ் விலங்கியலாளர் ஹான்ஸ் கும்மர். ஓர் ஆண், அதனுடன் சில பெண்கள், குட்டிகள் என்று சிறு குடும்பங்கள். இரவில் ஒரே செங்குத்துப் பாறையில் நூற்றுக்கணக்கில் படுத்துத் தூங்கும். பெண்களுக்காகச் சண்டை அபூர்வம்.

காரணத்தை ஓர் எளிய சோதனையில் காட்டினார் கும்மர். ஒன்றையொன்று அறிந்த இரண்டு ஆண்கள். ஓர் ஆணை ஒரு பெண்ணோடு விட்டுவிட்டு, மற்றதைப் பக்கத்துக் கூண்டிலிருந்து கால் மணி நேரம் பார்க்கவிட்டார். பிறகு அதையும் உள்ளே விட்டார். வந்தது, சண்டைக்குப் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தது, தரையில் கிடந்த கல்லைக் கிளறியது. ‘இவர்கள் இருவரும் ஜோடி’ என்ற செய்தி அதற்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குரங்கு மலையில் இருந்தவையோ முன்பின் தெரியாதவை. யாருக்கு யார் உறவு என்ற தகவலே அங்கே இல்லை.

சரி, சண்டை வேண்டாமென்று தனியாக வைத்தால்? அதற்கும் பதில் தெரியும். பிறந்ததிலிருந்து ஆறு மாதம் தனிமையில் அடைக்கப்பட்ட ரீசஸ் வகைக் குரங்குக் குட்டிகள் தன்னைத்தானே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும், தன் கையையே கடிக்கும். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் விஸ்கான்சின் ஆய்வகத்தில் நடந்த கொடுமை அது. இன்று அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கேட்கவே கூசும். ஆனால் அதே ஆய்வகத்தில்தான் 1970-களின் தொடக்கத்தில் ஒரு நல்ல சேதியும் கிடைத்தது. அந்தக் குட்டிகளோடு அவற்றைவிட இளைய, நன்றாக வளர்ந்த குட்டிகளைச் சேர்த்தார்கள். சம வயதுக் குட்டி என்றால் அடிக்கும், மிரட்டும். மூன்று மாதக் குட்டிக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தெரியும். முதலில் மிரண்டு ஒடுங்கியவை, வாரங்கள் போகப்போகத் தாமும் கட்டிக்கொண்டன, அப்புறம் விளையாடின. ஆறு மாதத்தில் பெருமளவு தேறிவிட்டன.

துணை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்க்கும்போது, பார்க்கப்படும் குரங்கின் இதயத் துடிப்பு இறங்குகிறது. வலியைக் குறைத்து இதம் தரும் எண்டார்ஃபின் சுரப்பு கூடுகிறது. பேன் இல்லாத சுத்தமான குரங்குகளும் மணிக்கணக்கில் இதைச் செய்வது சும்மா இல்லை. பயமுறுத்தும் சூழலில் பழகிய துணை பக்கத்தில் இருந்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அவ்வளவாக ஏறுவதில்லை. கவனிக்க: பழகிய துணை. முன்பின் தெரியாத குரங்கு பக்கத்தில் இருந்தால் அதுவே பயத்துக்குக் காரணம்.

அதனால் அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் அறிமுகத்தை அவசரப்படுத்துவதில்லை. முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு. பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், தொட முடியாது. பிறகு விரல் நுழையும் அளவுக்குக் கம்பிவலை. ரீசஸ் குரங்குகளில் ஒன்று உதடுகளைப் படபடவென்று அடித்துக் காட்டினால், அல்லது முதுகை வலையோடு ஒட்டிக்கொண்டு பேன் பார்க்கக் கொடுத்தால், நல்ல அறிகுறி. ஒன்று பல்லை இளித்துப் பின்வாங்கினால் அதுவும் நல்லதே: நான் உனக்குக் கீழே என்று ஒப்புக்கொள்கிறது. (பார்வையாளர்கள் இதைச் சிரிப்பு என்று நினைத்துப் படம் எடுப்பார்கள்.) இரண்டும் முறைத்துக்கொண்டே நின்றால்தான் கவலை, யார் மேல், யார் கீழ் என்பது தீராமல் கதவைத் திறந்தால் ரத்தம் பார்க்காமல் முடியாது.

கதவு திறந்த பிறகு கூண்டின் அமைப்பு முக்கியமாகிறது. முட்டுச்சந்து இருக்கக் கூடாது. துரத்தப்படும் குரங்குக்கு வெளியேற இரண்டாவது வழி வேண்டும். நடுவில் சில தடுப்புகள் வேண்டும், வலிய குரங்கின் கண்ணில் படாமல் எளியது உட்கார. தீனியை ஒரே தட்டில் வைத்தால் பெரியது மறித்துக்கொள்ளும். வைக்கோலுக்குள் தூவிவிட்டால் எல்லாமே தேடித் தின்னும், பொழுதும் போகும். சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், மற்றவை தின்னும்போது அமைதியாக உட்கார்ந்திருந்தால் தலைமைக் குரங்குக்குத் தனிப் பரிசு கொடுத்துப் பழக்குகிறார்கள். இது நன்றாகவே வேலை செய்கிறது.

பரப்பளவைக் கூட்டினால் போதும் என்ற எண்ணத்தை நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் உயிரியல் பூங்காவிலுள்ள சிம்பன்சிகள் அசைத்துவிட்டன. கோடையில் அவற்றுக்கு ஒரு தீவு. குளிர்காலத்தில் அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே உள்ள கூடம். நெரிசலில் சண்டை கொஞ்சம்தான் கூடியது. பேன் பார்ப்பதும் பணிந்து வணங்குவதும் கூடின. இடநெருக்கடியை அவை நயந்துபோய்ச் சமாளித்தன. அதற்காகச் சின்னக் கூண்டு போதும் என்று அர்த்தமில்லை. பல ஆண்டு உறவு கையில் இருந்ததால்தான் சமாளிக்க முடிந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. கிப்பன் என்ற வாலில்லாச் சிறு குரங்குக்கு ஜோடியும் குட்டிகளும் போதும். வளர்ந்த ஆண் ஒராங்குட்டான் காட்டில் பெரும்பாலும் தனியாகவே திரியும். கொரில்லாக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் முதுகு நரைத்த ஓர் ஆண்தான் தலைமை; ஆனால் பிறப்பதில் சுமார் பாதி ஆண் என்பதால், மீதி ஆண்களை வைத்து ‘பிரம்மச்சாரிக் குழு’ அமைக்கிறார்கள் உயிரியல் பூங்காக்கள்.

அமைந்த கூட்டத்தைக் கலைக்காமல் இருப்பதும் பாதி வேலை. அமெரிக்காவில், 80-க்கும் மேற்பட்ட பன்றிவால் குரங்குகள் உள்ள கூட்டத்திலிருந்து, சண்டைகளில் குறுக்கே புகுந்து விலக்கிவிடும் மூன்று பெரிய ஆண்களைத் தற்காலிகமாக எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006-ல் வெளியானது. சண்டை கூடியது மட்டுமில்லை. மீதிக் குரங்குகள் விளையாடும், பேன் பார்க்கும் கூட்டாளிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆகவே சிகிச்சைக்கோ இடமாற்றத்துக்கோ ஒன்றைப் பிரிக்கும் முன், கூட்டத்தில் அது செய்யும் வேலை என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடிந்தால் அதன் கூட்டாளியையும் சேர்த்தே கொண்டுபோவது நல்லது. இல்லாவிட்டால் மற்றவற்றின் பார்வையில் படும்படி பக்கத்துக் கூண்டிலேயே வைத்து, மறுபடியும் கம்பிவலையிலிருந்து தொடங்க வேண்டும்.