மழை கழுவுவதற்கு முன்: மலையக வீதிகளில் விபத்து விசாரணை

ஹட்டன் வீதியிலோ ரம்பொடை வளைவுகளிலோ விபத்து என்று தகவல் வந்து நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போது, அநேகமாக மழை தூறிக்கொண்டிருக்கும். பனிமூட்டம் மலையிலிருந்து வீதிக்கு இறங்கியிருக்கும். பின்னால் பஸ்களும் மரக்கறி லொறிகளும் வரிசைகட்டி ஹோர்ன் அடிக்கும். அடுத்த அரை மணித்தியாலத்தில் நீங்கள் அளப்பதும் எழுதுவதும்தான் நாளை நீதவான் முன்னால் பேசும். கணவனை இழந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் நட்டஈட்டு வழக்கிலும் அதுவே பேசும். பொலிஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விபத்தில் சிக்கிய குடும்பங்களும் படிக்கலாம். பொலிஸாரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் வேலை உயிர். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. அடுத்தது, இன்னொரு வாகனம் வந்து மோதாமல் பார்த்துக்கொள்வது. வளைவுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொருவரை வெளிச்சத்துடன் நிறுத்துங்கள். மேலே நிற்பவர் அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும். இறக்கத்தில் வரும் வாகனம் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும்.

பிறகுதான் தடயம். இங்கே நம் மலைநாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பல இடங்களில் மாற்று வீதியே கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வாகனத்தை மணிக்கணக்கில் வீதியிலேயே வைத்திருக்க முடியாது. ஊரார் தள்ளி ஓரங்கட்டத்தான் பார்ப்பார்கள். அதைத் தடுத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பெயின்ற் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு, முச்சக்கரவண்டியும் லொறியும் மோதிய இடத்தில் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டேன். அளவுநாடாவின் மறுநுனியைப் பிடிக்க ஆள் தேடிப் பஸ் நடத்துநர் ஒருவரை அழைத்து வந்து திரும்பிப் பார்த்தால், வெள்ளைத் தண்ணீர் கானை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வட்டம் இருந்த இடம் தெரியவில்லை. அந்த வழக்கில் மோதிய புள்ளி எது என்று சட்டத்தரணி கேட்டபோது, என் குறிப்புப் புத்தகத்தில் பதில் இல்லை. இறந்தவரின் தாய் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

மோதிய புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? உடைந்த கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். அது வாகனம் போன திசையில் சிதறி ஓடும். தரையில் உதிர்ந்த சேற்றைப் பாருங்கள். தோட்டத்து வீதியில் ஓடிய வாகனத்தின் மட்கார்டுக்கு உள்ளே காய்ந்த செம்மண் அப்பியிருக்கும். மோதும் அதிர்ச்சியில் அது கட்டியாக உதிர்ந்து, மோதிய இடத்துக்குக் கிட்டவே விழும். மழையில் முதலில் கரைவதும் அதுதான். தாரைக் கீறிய உலோகத் தடம் மழைக்கு அசையாது. இரண்டு வாகனங்களும் ஒன்றையொன்று ஆக அழுத்திய நேரத்தில்தான் அப்படிப்பட்ட ஆழமான கீறல் விழும். ஆகவே சேறு, எண்ணெய், டயர்த் தடம் ஆகியவற்றை முதலில் அளந்துவிட்டு, கீறலைக் கடைசியில் அளக்கலாம்.

அளக்கும்போது அசையாத இரண்டு பொருள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிலோமீற்றர் கல், மதகின் மூலை, இலக்கமிட்ட மின்கம்பம். ஒவ்வொரு தடயத்துக்கும் அந்த இரண்டிலிருந்தும் தூரம் எழுதினால், ஐந்து வருடம் கழித்தும் அதே புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். ‘கடைக்கு முன்னால்’ என்று எழுதினால் கடை போனதும் எல்லாம் போய்விடும்.

டயர்த் தடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு இழுபட்டால் நேரான கருங்கோடு விழும். அதன் நீளத்தை மீற்றரில் எடுத்து, 254ஆல் பெருக்கி, வீதியின் உராய்வு எண்ணாலும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் என்று வரும். காய்ந்த தாருக்கு உராய்வு ஏறக்குறைய 0.7. எனவே சம தரையில் 20 மீற்றர் தடம் என்றால் கிட்டத்தட்ட 60 கிலோமீற்றர் வேகம். அதே 20 மீற்றர் தடம், மழையில் நனைந்த தேய்ந்த தாரில், நூற்றுக்கு எட்டு இறக்கத்தில் விழுந்திருந்தால்? உராய்வு 0.4 என்று கொள்ளுங்கள். இறக்கத்துக்காக 0.08 கழிய வேண்டும், 0.32தான் மிச்சம். வேகம் 40 கிலோமீற்றர்தான். ஏற்றமாக இருந்தால் கழிக்காமல் கூட்ட வேண்டும். சரிவை எழுதாமல் தடத்தின் நீளத்தை மட்டும் எழுதி வந்தால், நிதானமாக ஓட்டிய சாரதியைக் குற்றவாளியாக்கிவிடுவீர்கள். தடத்தின் முடிவில் வாகனம் எதிலாவது மோதியிருந்தால், இந்தக் கணக்குக் காட்டுவது குறைந்தபட்ச வேகத்தை மட்டுமே. சக்கரம் பூட்டாத பிரேக் உள்ள புதிய வாகனங்கள் தெளிவான தடமே விடாமலும் போகலாம். தடம் இல்லை என்பதற்காகப் பிரேக் போடவில்லை என்று எழுதாதீர்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லவில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இப்படியான நீண்ட இறக்கங்களில் நடக்கும் விபத்துகளில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற வார்த்தையைத்தான் நாம் அடிக்கடி கேட்கிறோம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடி தளரும். ஆனால் கியர் எதில் இருந்தது? டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டாரா? மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை கியரையும் சுவிட்சுகளையும் யாரும் தொடாமல் காப்பது உங்கள் பொறுப்பு. பழைய வகை பல்பு உடைந்திருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எரிந்துகொண்டிருந்தபோது அடிபட்ட பல்பின் இழை இழுபட்டு நீண்டிருக்கும்; அணைந்திருந்ததில் அப்படி நீளாது.

சாட்சிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ‘வேகமாகத்தானே வந்தான்?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘என்ன பார்த்தீர்கள், அக்கா?’ என்று கேளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் தூரத்தை மீற்றரில் சொல்ல மாட்டார்கள், ‘பத்து நிரை தள்ளி’ என்பார்கள். அது மிகத் துல்லியமான சாட்சியம். அவர் நின்ற இடத்துக்கே அழைத்துப் போய் அந்தப் பத்து நிரையை நாடாவால் அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

மொழி விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தின்படி சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகள். தமிழில் முறையிடுவது பொலிஸ் செய்யும் தயவு அல்ல, உரிமை. லயத்திலிருந்து வந்த ஓர் அம்மா தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதை ஒரு நிலையத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர் சொன்னது ‘வண்டி பின்னுக்கு வந்து இடித்தது’, எழுதப்பட்டிருந்தது வேறு. தமிழ் தெரிந்த நீங்கள் அங்கே இருந்தால், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு கையெழுத்து வாங்குங்கள். குடும்பத்தாரே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். விபத்து நடந்தால் சாரதி நிறுத்த வேண்டும், தன் பெயர் விலாசத்தைக் கொடுக்க வேண்டும். மரணம் நிகழ்ந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரியும் சட்ட வைத்திய அதிகாரியும் வருவார்கள். கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றம் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வருகிறது. ஐந்து வருடம் வரை சிறை.

ஆனால் குற்ற வழக்கில் தண்டனை கிடைப்பதும் குடும்பத்துக்கு நட்டஈடு கிடைப்பதும் ஒன்றல்ல. பலர் நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே காலத்தைத் தவறவிடுகிறார்கள். நட்டஈட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். ஆகவே காப்புறுதிச் சான்றிதழின் இலக்கத்தையும் நிறுவனத்தின் பெயரையும் அன்றைக்கே குறித்துவையுங்கள். இடித்துவிட்டு ஓடிய வாகனம் எது என்று தெரியாமலே போனால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. தோட்டத்து டிரக்டரில் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவர், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் ஒரு சட்டத்தரணியிடமோ தொழிற்சங்கத்திடமோ விசாரிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது பொலிஸ் நிலையத்துத் தகவல் புத்தகத்தில் உள்ள முறைப்பாட்டின் பிரதி. குடும்பத்தார் நிலையத்துக்கு வரும்போது, திகதி, பக்கம், பந்தி இலக்கம் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.