ஜே/24: ஈயமும் பால்சா மரமும் தாங்கும் படகு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ராட் ஜான்ஸ்டன் என்பவர் 1970-களின் நடுவில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் கட்டிய ‘ராக்டைம்’ என்ற பாய்மரப் படகே ஜே/24 வகையின் மூலம். அதன் வழியில் இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட படகுகள் வார்க்கப்பட்டுள்ளன. நீளம் 7.32 மீட்டர், அகலம் 2.71 மீட்டர், எடை சுமார் 1,406 கிலோ. அந்த எடையில் 431 கிலோ, படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கீல் என்ற, மீன் துடுப்பு போன்ற பாகத்தில் ஈயமாக இருக்கிறது.

கீலுக்கு இரண்டு வேலைகள். காற்று பாயைத் தள்ளும்போது படகு முன்னே செல்வதோடு சற்றுப் பக்கவாட்டிலும் நழுவுகிறது. அதனால் நீர் கீலின் மீது சில பாகை சாய்வாக மோத, விமான இறக்கையில் எழுவது போன்ற ஒரு விசை காற்று வரும் திசை நோக்கி எழுந்து நழுவலைப் பெருமளவு தடுக்கிறது. இவ்விசை வேகத்தைச் சார்ந்தது என்பதால், ஊர்ந்து செல்லும் படகு அதிகமாக நழுவும். இரண்டாவது வேலை நிமிர்த்துவது. சிறு சாய்வில் படகின் அகலமே அதைத் தாங்கிக்கொள்ளும். சாய்வு கூடக் கூட, ஈயம் பக்கவாட்டில் விலகி, தன் எடையால் படகைத் திருப்பி இழுக்கிறது. பந்தயத்தில் ஐவர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக அமர்வதும் இதற்கே. அவர்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஏறத்தாழ இன்னொரு கீலின் எடை அது.

உடலமைப்பே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ரெசின் என்ற, இறுகும் பிசினில் ஊறிய இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே, நார்கள் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிய, மிக இலேசான பால்சா மரத் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. தோல்களுக்கிடையே தூரம் கூடும்போது விறைப்பு பன்மடங்கு உயர்கிறது. எடையோ சிறிதே கூடுகிறது. ஆனால் மேல்தளத்தில் ஒரு திருகாணித் துளை சரியாக அடைக்கப்படாமல் போனால், கசியும் நீர் பால்சாவை மக்கச் செய்துவிடும். பழைய படகை வாங்குபவர்கள் சுத்தியல் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே வருவார்கள்: கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் மரம் கெட்டிருக்கக் கூடும்.

வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. நீரைத் தொடும் நீளம் 6.1 மீட்டர். படகு எழுப்பும் அலை அந்த நீளத்தை எட்டும்போது, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டரில், படகு தன் அலைப் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. பலத்த பின்காற்றில் பலூன் போன்ற பாயை விரித்தால் இவ்வரம்பைத் தாண்டலாம். அப்போது சுக்கான் நீரில் பிடி இழந்து படகு பக்கவாட்டில் படுத்துவிட்டால் ஈயம் அதை நிமிர்த்தும். ஆனால் படகிலுள்ள பொருள் பெட்டிகளின் மூடிகள் திறந்திருந்து உள்ளே நீர் புகுந்தால், அதே ஈயம் படகை மூழ்கடித்துவிடும்.